மிதக்கும் பாலமும் ‘சேராது’ அண்ணாச்சியும்

பொருளை விற்பதற்காகக் கடை திறந்தவர்களை நான் ஆயிரக்கணக்கில் கண்டிருக்கிறேன். காதர்பேட்டைச் சந்து ஒன்றில் நாற்பது ஆண்டுகளாகப் பனியனுக்குரிய எலாஸ்டிக்கும் லேபிளும் விற்றுவருகிற எனக்கு, வியாபாரிகளின் குணத்தைப் பற்றி ஒருவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால், வருகிற வாடிக்கையாளரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பும் ஒரே நோக்கத்துக்காகக் காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் ஷட்டரைத் தூக்கிய மனிதர் இப்பூவுலகில் ஒருவர்தான் இருந்தார். அவர் எனக்கு அடுத்த கடைக்காரராக வந்து வாய்த்தது, நான் செய்யாத ஏதோ ஒரு பாவத்தின் பலன்.

அவருடைய இயற்பெயர் எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் ஆகையால் அண்ணாச்சி. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ‘சேராது’ என்று சொல்பவர் ஆகையால் ‘சேராது’ அண்ணாச்சி. கூரியர்காரர்கூட என் கடை வாசலில் நின்று, “ஏனுங்க, சேராது அண்ணாச்சி கடை எதுங்க?” என்றுதான் கேட்பார். அண்ணாச்சியோ தமது பட்டப்பெயரைச் செவியுற்றும் சிறிதும் முகம் மாறாமல் கையெழுத்திட்டுப் பார்சலைப் பெற்றுக்கொள்வார்.

தொழில், இசைக்கருவிகள் பழுது பார்ப்பது. தம் ஊர்ச் சபைகளில் ஆர்மோனியமும் கிதாரும் சரிசெய்து பழகிய கை. பிறர் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் வெர்னியர் காலிபர் வைத்திருந்தார். ஒரு பொருளை முதலில் கண்ணால் அளப்பார். பிறகு காலிபரால் அளப்பார். பிறகு, ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட தீர்ப்பை வாயால் வழங்குவார்.

தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து ஒருவர் புதிய தந்தி வாங்க வந்தார். அண்ணாச்சி தந்தியைக் காட்டவில்லை. அவருடைய விரல் நுனிகளைப் பார்த்தார்.

“இந்தக் கம்பிக்கு உம்ம விரலு சேராது. ஒரு மாசம் பழைய கம்பியில வாசிச்சுட்டு வாரும்.”

இப்படிச் சொல்கிற கடைக்காரரை எந்தச் சட்டத்தின்கீழ் விசாரிப்பது?

ஒடிசாவிலிருந்து வந்து எதிர் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த ஒருவர், கிழிந்த டோலக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி இந்தியில் கற்றிருந்தவை இரண்டே சொற்கள். “நஹி சலேகா” என்றார்; அதே ‘சேராது’தான். அந்த மனிதர் டோலக்கை அங்கேயே வைத்துவிட்டு வருத்தத்துடன் போய்விட்டார். மூன்றாம் நாள் அது புதுத்தோல் போர்த்தி, கயிறு இறுக்கி, வாசலில் தயாராக நின்றது. அப்பொழுதே நான் சிந்தித்திருக்க வேண்டும். சிந்திக்கவில்லை.

மனிதர்களையும் அவர் விட்டுவைத்தாரில்லை. என் மைத்துனி தன் மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை அண்ணாச்சியின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் என்று அறிந்து நேரில் வந்து விசாரித்தாள்.

“மாப்பிள்ள தங்கமான ஆளு. பொண்ணும் நல்ல பொண்ணுதான். ஆனா சேராது” என்றார்.

“ஏனுங்க அண்ணாச்சி அப்படிச் சொல்லிப்போட்டீங்க?”

“அந்தத் தம்பி எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடிச்சுரும். உங்க வீட்டுல பத்து மணிக்குத்தான் உலையே வைக்கீயளாமே. லேபிள்காரரு சொன்னாரு.”

லேபிள்காரர் என்பவன் நானே. என் மைத்துனி ஓராண்டு காலம் என் கடைப் படியை மிதிக்கவில்லை. இந்த மனிதர் மணமக்களைக் காலிபரால் அளக்கவில்லை என்பது ஒன்றே எனக்குக் கிடைத்த ஆறுதல்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் கிதார் விஷயத்தில் அவர் செய்ததைத்தான் இன்றளவும் பொறுக்க இயலவில்லை. அதை விளக்கமாகச் சொல்கிறேன். நியாயத்தை வாசகர்களே வழங்குங்கள்.

பனியன் வாங்க வந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், ஊர் திரும்பும்போது விருந்தினர் விடுதியில் விட்டுச்சென்ற மின்கிதார் ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியர் இல்லாமல், கேட்டுக் கேட்டே பயின்றேன். எங்கள் பக்தி இசைக் குழுவில் சேர்ந்தேன். பதினோரு ஆண்டுகளாகப் பங்குனி உத்திரத்தன்று எங்கள் முருகன் கோயில் மேடையின் இடது ஓரம் எனக்குரிய இடமாக இருந்துவந்தது.

அந்தக் கிதாரில் ஒரு சிறப்பு உண்டு. தந்திகளைத் தாங்கும் இரும்புப் பாலத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை அழுத்தினால் ஒலி சரியும். மேலே தூக்கினால் ஒலி ஏறும். அவ்வளவு ஆட்டினாலும் சுருதி கலையாதிருக்க, தந்திகளைக் கழுத்தில் ஒரு பூட்டும் பாலத்தில் ஒரு பூட்டும் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேடையானாலும், மாலையில் கடையை அடைக்குமுன் வாசிக்கிற ஒரு பாட்டானாலும், கடைசிச் சுரத்தில் கைப்பிடியைச் சற்றே தூக்கி, அந்த ஒலி மெல்ல மேலே ஏறி அடங்கும்படி விடுவது என் வழக்கம்.

ஆனால் அந்தப் பூட்டே எனக்குப் பகையாயிற்று. எங்கள் குழுத் தலைவரும் பாடகருமான ராமசாமி, சொந்தமாக நிட்டிங் மெஷின்கள் ஓட்டுபவர். அவர் காவடிப் பாட்டு எடுக்கும்போது, என் தடித்த தந்தி ஒரு முழுச் சுரம் கீழே இறங்கி, தம்பூராவைப் போல அடியில் ஒலிக்க வேண்டும். அடுத்த பாட்டுக்குப் பழைய இடத்துக்கு ஏறிவிட வேண்டும். சாதாரணக் கிதாரானால் முறுக்காணியைத் திருகினால் போதும். என்னுடையதிலோ ஆலன் கீ போட்டுப் பூட்டைத் திறந்து, இறக்கி, மற்றவற்றைச் சரிசெய்து, மறுபடி பூட்ட வேண்டும். அதற்குள் முன்வரிசையினர் எழுந்துபோய்க் கடலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

“அண்ணா, கோவிச்சுக்காதீங்க” என்றார் ராமசாமி ஒருநாள். என்னைவிட வயதில் இளையவர், பணிவு மிக்கவர், பணிவாகவே கழுத்தில் கத்தி வைப்பவர். “இந்த உத்திரத்துக்கும் பாட்டுக்கு நடுவுல நட்டுக் கழட்டீட்டு உக்காந்தீங்கன்னா, அடுத்த வருசம் கீபோர்டு வெச்சுக்கலாம்னு இருக்கறமுங்க. சோமனூர்ல ஒருத்தரு நெம்ப நல்லா வாசிக்கறாருங்களாம்.”

பதினோரு ஆண்டு இடம்! அன்றிரவே வழி விசாரிக்கத் தொடங்கினேன்.

இந்தத் தொல்லைக்கென்றே ‘டிராப் டியூனர்’ என்று ஒரு சிறு கருவி விற்கிறது என்று அறிந்தேன். பாலத்தில் தடித்த தந்தியைப் பூட்டும் திருகு இருக்குமல்லவா, அதை எடுத்துவிட்டு இதைப் பொருத்த வேண்டும். வெளியே இழுத்தால் அந்த ஒரு தந்தி மட்டும் ஒரு சுரம் இறங்கும். உள்ளே தள்ளினால் ஏறும். பூட்டைத் திறக்க வேண்டாம். கடலை வாங்கப் போவதற்கும் யாருக்கும் அவகாசம் கிடையாது. வரவழைத்தேன். கிதாரையும் கருவியையும் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி கிதாரைப் புரட்டினார், உள்ளெல்லாம் அளந்தார், ஒரு தாளில் ஏதோ எண் குறித்துக்கொண்டார்.

“சேராது. உங்க பாலம் மரத்துல குழி வெட்டி உள்ள எறக்கினது. இதுக்கு வாலு நீளம். பின்னால மரத்துல இடிக்கும்.”

சரி, நியாயம். வால் குட்டையான ஒன்றை வரவழைத்தேன்.

“சேராது. திருகு மரை வேற. உங்க பாலம் அசலப் பாத்துச் செஞ்ச நகலு. இது அசலுக்குச் செஞ்ச திருகு.”

இதுவும் நியாயமே. மூன்றாவதை வரவழைத்தேன். இம்முறை ஏமாற நான் தயாராக இல்லை. கடையிலேயே அவர் கண்ணெதிரே திருகைப் பொருத்திச் சுழற்றினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. வாலும் இடிக்கவில்லை. வெற்றியுடன் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“சேராது” என்றார்.

“இப்ப என்னுங்க சேரல? வாலு இடிக்கல, மரை பொருந்துது, அப்புறம் என்னுங்க?”

“திருகு சேருது. கிதாரு சேரல.”

நான் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். அவர் சாவகாசமாக என் கடைக்குள் புகுந்து, என் அனுமதியின்றி என் எலாஸ்டிக்கில் இரண்டு முழம் வெட்டிக்கொண்டு வந்தார். ஓர் அடிக்கோலை மேசைமேல் நிறுத்தி, முன்பக்கம் ஒரு துண்டாலும் பின்பக்கம் ஒரு துண்டாலும் இழுத்துப் பிடித்தார்.

“பாத்துக்கிடுங்க லேபிள்காரரே. முன்னால ஆறு கம்பி இழுக்கு. பின்னால மூணு ஸ்பிரிங்கு இழுக்கு. நடுவுல உங்க பாலம் எதுலயும் சாயாம மிதக்கு. நீங்க ஒரு கம்பியத் தளத்துனா...” முன்பக்கத்து எலாஸ்டிக்கைச் சற்றே விட்டார். அடிக்கோல் பின்பக்கம் சாய்ந்தது. “ஸ்பிரிங்கு செயிச்சுரும். பாலம் பின்னால போயிரும். மிச்சம் அஞ்சு கம்பியும் இறுகி மேல ஏறிரும். பாலம் பின்னால சாய வழியில்லாத கிதாருக்குத்தான் இது. மிதக்குததுக்கு இல்ல.”

ஒன்றைத் தளர்த்தினால் ஐந்து இறுகுமாம்! எலாஸ்டிக்கையே நாற்பது ஆண்டுகளாக இழுத்துப் பார்த்தவனிடம் எலாஸ்டிக்கை வைத்துப் பாடம்!

“இதுக்கு வேற வழியே இல்லீங்களா அண்ணாச்சி?”

அவர் ஓடாத மின்விசிறியைச் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தார்.

“சேராதுன்னா விடுங்களேன்” என்றார்.

நான் விடவில்லை. உத்திரத்தன்று காலையில் ராமசாமியின் நிட்டிங் கூடத்துக்கே கிதாரைக் கொண்டுபோய் முறையிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே அடங்கிவிட்டது.

“என்ற மெஷினுல தொண்ணூறு நூல் ஓடுதுங்கண்ணா. ஒரு நூல் தளந்தா அந்த நூலுதான் தொங்கும். பக்கத்து நூலுக்கு என்னுங்க தெரியும்? அதுபாட்டுக்கு ஓடும். அந்த அண்ணாச்சிக்கு என்னுங்க தெரியும், நூலப் பத்தி?”

அறுபத்தெட்டு வயதில் இதைவிடத் தெளிவான தர்க்கத்தை நான் கேட்டதில்லை. ராமசாமியே தம் கையால் கருவியைப் பொருத்தினார். தடித்த தந்தியை மீட்டி, கருவியை இழுத்தோம், இறங்கியது. தள்ளினோம், ஏறியது. மறுபடியும் இழுத்தோம், இறங்கியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். மற்ற ஐந்து தந்திகளை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தைத்த இடத்தைத்தான் செக்கிங் பார்ப்பார்கள். தைக்காத இடத்தை எதற்குப் பார்ப்பது?

அன்று மாலை மேடை ஏறினோம். விநாயகர் துதி சீராக முடிந்தது. “அடுத்ததாக...” என்று ராமசாமி காவடிப் பாட்டை அறிவித்தார். நான் பெருமிதத்துடன், அனைவரும் காணும்படி, கருவியை இழுத்தேன். ஒரே கணம்! பூட்டைத் திறக்கவில்லை, ஒருவரும் கடலைக்கு எழவில்லை. ஆறு தந்திகளையும் சேர்த்து ஓங்கி மீட்டினேன்.

அந்த ஒலியை எழுத்தில் வடிக்க இயலாது. தடித்த தந்தி கீழே போயிருந்தது. மற்ற ஐந்தும் மேலே போயிருந்தன. ராமசாமி பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் என் கிதாரையே நம்பிப் பாட்டை எடுத்தார். ஆர்மோனியம் ஒரு வீதியில் போயிற்று, கிதார் மறு வீதியில் போயிற்று, ராமசாமி இரண்டுக்கும் நடுவே வழி தெரியாமல் நின்று, ஏறக்கூடாத ஓர் இடத்தில் ஏறி, அங்கேயே குரல் உடைந்து இருமினார். முன்வரிசையில் ஓர் அம்மையார், “ஏனுங்க, மைக்கு ரிப்பேருங்களா?” என்று கேட்டது மைக்கிலேயே கேட்டது.

ராமசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சோமனூர்க்காரர் கீபோர்டுடன் அமர்ந்திருப்பதை நான் தெளிவாகக் கண்டேன்.

அப்பொழுது மேடையின் இடது படியில் ஓர் உருவம் ஏறிற்று. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் காலிபர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்லும் அந்த மனிதர், எங்கள் முருகன் கோயில் மேடைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் மடியிலிருந்த கிதாரைப் பிடுங்கினார்.

“கிழிச்சீய” என்றார் என்னிடம். ராமசாமியிடம், “அஞ்சு நிமிசம் சமாளிங்க மொதலாளி.”

ராமசாமி மைக்கைப் பற்றிக்கொண்டார். “கோயில் வாசல்ல குறுக்க நிக்கற டெம்போவ எடுத்துப்போடுங்க சாமி.” சிறிது நேரம் கழித்து, “அந்த டெம்போவ எடுத்துப்போடுங்க சாமி.” அங்கே டெம்போ ஏதும் நிற்கவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

அண்ணாச்சி கிதாரின் முதுகிலிருந்த மூடியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துப் பிரித்தார். விரல் நீள மரச்சக்கை. உப்புத்தாள் போட்டு இழைத்தது. அதைப் பாலத்தின் அடிக்கட்டைக்கும் கிதாரின் மரத்துக்கும் நடுவே, ஸ்பிரிங் இருக்கும் பக்கமாகச் செருகினார். அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல் அமர்ந்தது. டியூனரில் ஒரு திருகு, பாலத்தில் இரண்டு திருகு.

“இழுங்க” என்றார். இழுத்தேன். தடித்த தந்தி மட்டும் இறங்கியது. மற்ற ஐந்தும் அசையவில்லை. ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் பாலம் பின்னால் சாய இடமில்லாமல் அந்தச் சக்கை தடுத்துவிட்டது.

காவடிப் பாட்டு களைகட்டியது. முன்வரிசை அம்மையார் கைதட்டினார். ஒன்பது பாட்டுகளில் நான்கு முறை இழுத்தேன், நான்கு முறை தள்ளினேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. இறுதிப் பாட்டின் கடைசிச் சுரத்தில், வழக்கம்போல் கைப்பிடியைத் தூக்கினேன். அது ஏறவில்லை. சக்கை தடுத்தது. ஒலி நின்ற இடத்திலேயே நின்று தேய்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

“அடுத்த வருசமும் நீங்கதானுங்கண்ணா” என்று ராமசாமி என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டு, டெம்போவைப் பற்றி விசாரித்த ஒருவருக்கு விடை சொல்லப் போனார்.

இடம் பிழைத்தது. ஆனால் என் இரத்தம் கொதித்தது. அந்தச் சக்கையில் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். முதல் நாள் அவர் தாளில் குறித்துக்கொண்ட அதே எண்! மேடைக்குப் பின்னால், பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க அண்ணாச்சி, இந்தக் கட்டைய எப்பச் செஞ்சீங்க?”

“மொத நாளு வந்தீயல்லா, அன்னைக்கே.”

“நாலு மாசமுங்க! நாலு மாசமா ஒரு துண்டு மரத்தச் சட்டைச் சோப்புல வெச்சுக்கிட்டு, சேராது சேராதுன்னு என்னைய அலைய வெச்சிருக்கறீங்க! ஊர் முன்னால என்ற மானம் போச்சுங்க! ராமசாமிக்குத் தொண்டை போச்சுங்க!”

“மொதலாளி தொண்டை சரியாயிரும்.”

“ஏனுங்க சொல்லல? அதச் சொல்லுங்க.”

அவர் இலையில் இருந்த முந்திரியை ஓரமாகத் தள்ளினார். பொங்கலுக்கும் முந்திரிக்கும் சேராது போலும்.

“தெனமும் சாயந்தரம் கடைய அடைக்கதுக்கு முன்னால ஒரு பாட்டு வாசிப்பீய. முடிக்கயில கைப்பிடியத் தூக்கி, அந்தச் சத்தத்த மேல கொண்டுபோயி விடுவீயல்லா? கட்டைய வச்சா அது போயிரும். இன்னைக்குப் போச்சு, கேட்டேன்.” இலையை மடித்தார். “அதக் கேட்டுட்டுத்தான் நான் ஷட்டர எறக்குவேன். பத்து வருசமா அப்படித்தான். உங்களுக்குக் கோயில்ல எடம் வேணும். எனக்கு இது வேணும். ரெண்டும் சேரல. என்ன செய்ய?”

பத்து ஆண்டுகள்! ஒரு சொல் பாராட்டியதில்லை. ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. நான் வாசித்து முடித்த மறுகணம் அடுத்த கடை ஷட்டர் தடதடவென்று இறங்குவதை, என் வாசிப்பைச் சகிக்க முடியாமல் செய்கிற அவமரியாதை என்றே பத்து ஆண்டுகளும் எண்ணி, மனத்துக்குள் வைதிருக்கிறேன். இப்படி ஒரு மனிதரை அப்படி எண்ண வைத்தது யார் குற்றம்? அவர் குற்றமே.

சென்ற ஆண்டு அண்ணாச்சியை அவருடைய மகன் வந்து தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது, “இந்த வயசுல எனக்கு அந்த ஊரு சேராது” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். அவருடைய கடையில் இப்போது ஜிப் விற்கிறார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். என்ன வியாபாரமோ!

சக்கை என்னிடம் இருக்கிறது. கோயில் நிகழ்ச்சிகளுக்குச் செருகுவேன். வீடு திரும்பியதும் கழற்றி, அதே பனியன் துணியில் சுற்றிவைப்பேன். மாலை ஆறரை மணிக்குக் கடையை அடைக்குமுன், அவருடைய எண்ணை அழுத்தி, போனை லேபிள் பெட்டிமேல் சாய்த்துவைத்து, ஒரு பாட்டு வாசிக்கிறேன். கடைசியில் கைப்பிடியைத் தூக்குகிறேன். ஒலி ஏறி அடங்கும்வரை அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்பதில்லை. பிறகு தொண்டையைக் கனைக்கும் ஒலி.

“இன்னும் சேரல, லேபிள்காரரே. நாளைக்கும் வாசிங்க, பாப்போம்.”

பதினொரு மாதங்களாக ஒரே தீர்ப்பு. தன்மானமுள்ள எவனும் முதல் நாளே அந்தப் போனைத் துண்டித்திருப்பான். நாளை மாலையும், தந்திகளைத் துடைத்து, ஆறரை மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே, அந்த அநியாயக்காரரின் எண்ணை அழுத்துவேன்.